பெரியம்மா தின்னவில்லை

பெரியம்மா வீட்டு அடுப்படியில் சுவரோடு பதித்த மர அலமாரி ஒன்று இருக்கிறது. அதன் கதவோரத்தில் ஒரு வளையம், வளையத்தில் ஓர் இரும்புப் பூட்டு. கொண்டியைப் பின்னுக்கு மடக்கி வைத்துவிட்டதால் அலமாரியைத் திறக்க அந்தப் பூட்டு தடையாக இருப்பதில்லை. கதவு பாட்டுக்குத் திறக்கிறது, மூடுகிறது. பூட்டு மட்டும் வளையத்தில் பூட்டியபடியே தொங்கிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் பலகையில் டொக் என்று ஒரு தட்டு தட்டுகிறது. சாவி தொலைந்து வருஷங்களாயிற்று. புதிதாக வருகிறவர்கள் கேட்டால் பெரியம்மாவின் மருமகளான அண்ணி, எலிக்காகப் போட்டது என்பாள். எலிக்குக் கொண்டி போதாதா, பூட்டு எதற்கு என்று இதுவரை ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை. நான் கேட்காததற்குக் காரணம், எனக்குத் தெரியும் என்பதுதான். அது பெரியம்மாவுக்காகப் போட்ட பூட்டு. அந்த டொக் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, புது ஆற்றுப் பாசனத்தில் இருக்கிறது அவளுடைய ஊர். மாதா கோவிலைச் சுற்றி இரண்டு தெரு முழுக்க எங்கள் ஆட்கள்தான். எல்லாருக்கும் கொஞ்சம் நிலம், எல்லார் வீட்டிலும் நெல் மூட்டை. பெரியப்பா ஒரு நடவு நாளில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அண்ணன், அதாவது பெரியம்மாவின் ஒரே மகன், படிப்பை விட்டுவிட்டு வந்து டிராக்டரில் ஏறினான். அன்றிலிருந்து மாரடைப்பு, கொழுப்பு என்று யார் பேச ஆரம்பித்தாலும் அவனுக்குக் கை கால் உதறும். அவன் கெட்டவன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயந்தவன். பயந்த மனுஷன் வீட்டுக்குள் செய்கிற அக்கிரமம் கொஞ்சநஞ்சமில்லை என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறேன்.

பெரியம்மாவுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருக்கும். கையும் காலும் குச்சி குச்சியாக இருக்கும், வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால் நிற்கும். ஒரு தலைவலி காய்ச்சல் என்று படுத்து நான் பார்த்ததில்லை. அந்த வருஷம் பொங்கல் முடிந்ததும் கோவில் நடத்துகிற பங்குப் பள்ளிக்கூடத்தில் இலவச ரத்தப் பரிசோதனை முகாம் நடத்தினார்கள். ஊர் மொத்தமும் கையை நீட்டியது, பெரியம்மாவும் நீட்டினாள். சர்க்கரை சரி, ரத்த அழுத்தம் சரி, எல்லாம் சரி. ரத்தத்தில் இருக்கும் கொழுப்பில் டிரைகிளிசரைடு என்று ஒரு வகை உண்டு, அது மட்டும் இருக்க வேண்டிய அளவைத் தாண்டி நின்றது. முடிவு எழுதிய தாள் கைக்கு வந்த அன்றைக்கே அண்ணன் அவளைப் பஸ் ஏற்றி டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம், "சர்க்கரை இல்ல, அதுனால சோறு தாராளமா சாப்பிடுங்க. நெய், தேங்கா, முட்ட, கறி, எண்ணெயில போட்டது, இதுகள மட்டும் தொடக்கூடாது. மூணு மாசம் கழிச்சு வந்து காட்டுங்க." அவ்வளவுதான் வைத்தியம். நான் பின்னால் எத்தனையோ தடவை அண்ணனைச் சொல்ல வைத்துக் கேட்டிருக்கிறேன், அதற்கு மேல் ஒரு சொல்லும் கிடையாது.

பெரியம்மா எப்படிச் சாப்பிடுகிறாள் என்று அந்த டாக்டர் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அவளோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களும் பார்க்கவில்லை. வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் தட்டை எடுப்பாள். அந்த நேரத்துக்குப் பொரியல் இருக்காது. குழம்புச் சட்டியில் அடி வண்டல் இருக்கும். சோறு மட்டும் குறையாமல் இருக்கும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் யாரும் சோற்றைக் கணக்காக வடிப்பதில்லை. திடீரென்று யாராவது வந்துவிட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது என்று இரண்டு கைப்பிடி அரிசி கூடவே போடுவார்கள். யாரும் வராத நாளில் அந்த இரண்டு கைப்பிடி யார் வயிற்றுக்குப் போகும்? கொட்ட மனசு வராமல் ரசத்தை ஊற்றிப் பிசைந்து பெரியம்மாதான் சாப்பிடுவாள். அதிலும் மிஞ்சியதற்குத் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் மற்றவர்களுக்கு இட்லி அவித்துப் போட்டுவிட்டு, பழையதைக் கரைத்துக் குடித்துக்கொள்வாள். நடவுக்கும் அறுப்புக்கும் வயலில் நின்ற காலத்தில் அந்தச் சோறெல்லாம் வேலையில் கரைந்தது. இரண்டுக்கும் மெஷின் வந்த பிறகு அவளுக்கு வீடும் மாடும்தான் மிச்சம், சோறு மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. வீட்டு நெல், வீட்டு அரிசி, அதன் மேல் யார் சந்தேகப்படுவார்கள்? தின்றாள் என்று எங்கள் ஊரில் ஒருத்தியைச் சொன்னால், கறியும் மீனும் பலகாரமும் தின்றாள் என்றுதான் அர்த்தம். சோறு தின்றதை யாரும் தின்றதாகவே வைத்துக்கொள்வதில்லை.

அந்த மூன்று மாதத்துக்குள் தவக்காலம் வந்தது. திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோவிலிலிருந்து வந்தவள், அன்றிலிருந்து ஈஸ்டர் வரை சுத்தபோசனம் என்று சொல்லிவிட்டாள். கறி, மீன், முட்டை எதுவும் நாக்கில் படாது. எங்கள் வீடுகளில் வெள்ளிக்கிழமை மட்டும் விடுகிறவர்கள்தான் அதிகம், பெரியம்மா எல்லா வருஷமும் தவக்காலம் முழுக்க விடுகிறவள். அந்த வருஷம் டாக்டர் விலக்கியதையும் சேர்த்துக்கொண்டாள். தாளிப்புக்கு எண்ணெய் இல்லை, துவையலுக்குத் தேங்காய் இல்லை, மோரிலிருந்து வெண்ணெயைச் சுத்தமாக எடுத்துவிட்டுத்தான் குடித்தாள். "ஆண்டவருக்கும் ஆச்சு, டாக்டருக்கும் ஆச்சு" என்று சிரிப்பாள். பசி எடுக்குமே, அதற்குக் கஞ்சி. சாயங்காலம் வெல்லம் போட்டு நனைத்த அவல். அதற்குப் பிறகும் வயிறு காந்தினால் சர்க்கரை போட்ட டீயில் ரஸ்க்கைத் தொட்டுக்கொள்வாள். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து கோவிலில் ஊற்றும் கஞ்சியை இரண்டு தடவை வாங்குவாள். ஒருசந்தி இருக்கும் நாளில் ஒரு வேளைதான் சாப்பாடு, அந்த ஒரு வேளையில் நாள் முழுக்கவும் தாங்கும்படி சோறு. இதில் ஒன்றிலும் ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. இதைவிடப் பரிசுத்தமாக ஒரு மனுஷி சாப்பிட முடியாது என்று அவளும் நம்பினாள், நாங்களும் நம்பினோம்.

புனித வாரத்துத் திங்கள்கிழமை ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். புதன்கிழமை டாக்டரைப் பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். தஞ்சாவூரில் கூட்டுறவு வங்கி ஒன்றில் வேலை பார்க்கும் எனக்கு அந்த வாரம் லீவு கிடைத்திருந்தது. பெரியம்மா வழியெல்லாம் சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தாள். பரீட்சைக்கு நன்றாகப் படித்துவிட்டுப் போகிற பிள்ளையின் முகம் அவளுக்கு. டாக்டர் தாளைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், கடைசியில் பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்தார். கொழுப்பு குறையவில்லை, முன்னைவிட ஏறியிருந்தது. சர்க்கரை மட்டும் அப்போதும் ஒழுங்காகத்தான் இருந்தது. "என்னம்மா, நாக்கக் கட்ட முடியலயா?" என்று கேட்டார். பெரியம்மாவுக்குப் புரியவில்லை. புரிந்ததும், "இல்லங்கய்யா, நான் ஒண்ணுமே தொடலங்க, தவக்காலம்ங்க இது" என்றாள். அதற்கு அவர் சொன்னதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். "நான் ஏமாறலாம், ஒங்க மகன் ஏமாறலாம். ரத்தம் பொய் சொல்லாதும்மா."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். அந்த ஆள் எதிரே உட்கார்ந்திருந்தவள், பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் சொல்வதற்குப் பாவம் இல்லாமல் மாட்டை அடித்ததையும் பூனையைத் திட்டியதையும் சொல்லிவிட்டு வருகிறவள். அவளைப் பொய் சொல்கிறவள் என்றார், அதுவும் தவக்காலத்தை முறித்தவள் என்றார், அதுவும் மகனை வைத்துக்கொண்டு. நான், "சார், அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல, வேற காரணம் இருக்கும்" என்றேன். "என்ன காரணம், நீங்க சொல்லுங்க" என்று பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். எனக்கென்ன தெரியும்? அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதற்குத்தான் அவர் படித்தார். மாத்திரை எழுதிக் கொடுத்து, வீட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று அண்ணனிடம் தனியாகச் சொல்லி அனுப்பினார்.

கவனித்தார்கள். வீட்டுக்கு வந்த கையோடு அண்ணி எருக்குழியை ஒரு குச்சியால் கிளறினாள். முட்டை ஓடு கிடைத்தது. தன் பிள்ளைகளுக்குத் தானே அவித்துக் கொடுத்த முட்டைகளின் ஓடுகள் என்று அவளுக்கே தெரியும், ஆனாலும் கொண்டு வந்து வாசற்படியில் வைத்தாள். கூட்டிப் பெருக்க வருகிற பெண்ணிலிருந்து எதிர்வீட்டுக்காரி வரைக்கும், அடுப்படியில் கிடக்கிறவள் வாயில் போடாமல் இருப்பாளா என்றார்கள். ஒல்லியாக இருக்கும் பெண்பிள்ளைகள்தான் திருட்டுத்தனமாகத் தின்பார்கள் என்று ஒருத்தி புதிதாக ஒரு சட்டமே போட்டாள். ஆண்பிள்ளைகள் டவுனுக்குப் போய்ப் பரோட்டாவும் கறியும் தின்றுவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு வருவதை யாரும் குச்சி வைத்துக் கிளறுவதில்லை. பெரியம்மா எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் தின்னல, நான் தின்னல என்று. கடைசியில் அண்ணன் அழ ஆரம்பித்துவிட்டான். அவ்வளவு பெரிய ஆள் தரையில் உட்கார்ந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "அப்பா மாதிரி நீயும் போயிடாதம்மா. தின்னத தின்னேன்னு சொல்லிடு, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். மறைக்கிறதுதாம்மா எனக்குப் பயமா இருக்கு" என்று அழுதான். பெரியம்மா வெகுநேரம் அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "ஆமாடா, தின்னேன். போதுமா? எந்திரிச்சுப் போயி மூஞ்சியக் கழுவு" என்றாள்.

மறுநாள் பெரிய வியாழன். சாயங்காலம் கோவிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு நீளமாக வரிசை நின்றது, பெரியம்மாவும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அதில் நின்றாள். தவக்காலத்தை முறித்ததற்காகத்தான் நிற்கிறாள் என்று வரிசையில் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது, ஊருக்குள் சேதி அவ்வளவு வேகமாகப் போயிருந்தது. திரும்பி வாய்க்கால் கரையோடு நடந்து வரும்போது அவளாகவே சொன்னாள். "சாமியார்கிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? நான் முட்ட தின்னேன்னு மகன்கிட்டப் பொய் சொன்னேன் சாமின்னு சொன்னேன். அவருக்கு வெளங்கல, ரெண்டு தடவ கேட்டாரு." கொஞ்ச தூரம் போன பிறகு, "எப்பிடியோ, வீடு அமைதியாவும்ல" என்றாள். அந்தக் கரையிலேயே நின்று கத்த வேண்டும் போல் இருந்தது எனக்கு. அவள் சொன்ன உண்மையை அந்த ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. ஒரே ஒரு பொய் சொன்னாள், அதை ஊரே நம்பியது.

வீடு அமைதியாகவில்லை. ஒப்புக்கொண்டுவிட்டாள் என்றால் இனிமேல் தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது பிள்ளையின் கடமை அல்லவா? பெரிய சனிக்கிழமை காலையில் தட்டுகிற சத்தம் கேட்டது. பெரிய வெள்ளி, பெரிய சனி இரண்டு நாளும் எங்கள் கோவிலில் மணி அடிப்பதில்லை. மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு தெருவில் போவார்கள். நான் முதலில் அந்தச் சத்தம் என்றுதான் நினைத்தேன். அடுப்படிக்குப் போய்ப் பார்த்தால் தச்சர் அலமாரியில் கொண்டி அடித்துக்கொண்டிருந்தார். நெய், நல்லெண்ணெய், தேங்காய், கடலை, முட்டை, கருவாடு எல்லாம் உள்ளே போயின. புதுப் பூட்டின் சாவியை அண்ணி முந்தானையில் முடிந்துகொண்டாள். அரிசிப் பானையும் வெல்லச் சம்படமும் ரஸ்க் டின்னும் வெளியே, எப்போதும் போல, எடுக்க வாகாக இருந்தன. நான் அண்ணனிடம் சண்டைக்குப் போனேன். "நீ என்ன டாக்டரா?" என்றான். அதோடு என் பேச்சு முடிந்தது. பெரியம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து தானே திறந்து மூடிய அலமாரியில் ஆணி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொடுமையில் கொடுமை என்னவென்றால், மாத்திரை சாப்பிட்டதில் அடுத்த பரிசோதனையில் கொழுப்பு குறைந்துவிட்டது. பூட்டுப் போட்டதும் குறைந்துவிட்டது பார்த்தாயா என்று அண்ணன் என்னிடம் போனில் சொன்னான். அதற்குப் பிறகு அந்தப் பூட்டுக்கு வந்த மரியாதையைக் கேட்க வேண்டாம், சொந்தக்காரர்கள் வீடுகளுக்கெல்லாம் இந்த வைத்தியத்தைச் சொல்லி அனுப்பினார்கள். சில வருஷத்தில் எல்லாருக்கும் அது அலுத்துப்போனது. கொண்டியை மடக்கி வைத்தார்கள், சாவி எங்கேயோ போயிற்று, பூட்டு மட்டும் தங்கிவிட்டது. பேச்சும் தங்கிவிட்டது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால், "அத்தை கண்ணுல படாம முட்டய எடுத்து ஒளிச்சு வைங்கடா" என்று எவனாவது ஒருவன் சொல்வான், எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் கூடச் சிரிப்பாள். முட்டையைத் தொட மாட்டாள்.

போன வருஷம் எங்கள் ஆபீஸில் எல்லாருக்கும் உடம்பைப் பரிசோதித்தார்கள். எனக்கு எந்த வியாதியும் கிடையாது, மாத்திரை கிடையாது. சர்க்கரை சரியாக இருந்தது. டிரைகிளிசரைடு பெரியம்மாவினுடையதைப் போல எக்கச்சக்கமாக ஏறி நின்றது. நான் அதிகம் எண்ணெய் சேர்க்காதவள், நெய் பிடிக்காதவள். தஞ்சாவூரில் ஒரு பெண் டாக்டரிடம் போனேன், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவராக இருப்பார். நாற்காலியில் உட்காரும்போதே, "மேடம், நான் திருட்டுத்தனமா எதையும் சாப்பிடறது இல்ல" என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் விநோதமாகப் பார்த்துவிட்டு, "நான் அதக் கேக்கலயே. ஒரு நாளைக்கு எத்தனை வேளை சோறு சாப்பிடறீங்க, எவ்வளவு சாப்பிடறீங்க, அதச் சொல்லுங்க" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதற்கு அழுகிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. ஒரு கேள்வி. அன்றைக்கு அந்த மேஜையில் கேட்டிருக்க வேண்டிய ஒரே ஒரு கேள்வி.

அவர் பொறுமையாகச் சொன்னார். சாப்பிடுகிற சோறு சர்க்கரையாகத்தான் ரத்தத்துக்கு வருகிறது. கணையம் இன்சுலினைச் சுரந்து அந்தச் சர்க்கரையைத் தசைகளுக்கு அனுப்புகிறது. உட்கார்ந்தே இருக்கிற உடம்பில் தசை அதை வாங்கிக்கொள்ள முரண்டு பிடிக்கும். அப்போது கணையம் விடாமல் இன்னும் இன்னும் சுரந்து, ரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் பிடித்துக்கொள்ளும். மிஞ்சிய சர்க்கரையை ஈரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்திலேயே விடும். "சுகர் நார்மல்னு ரிப்போர்ட் சொல்லுது. அத நார்மலா வச்சுக்க உடம்பு எவ்வளவு பாடுபடுதுன்னு ரிப்போர்ட் சொல்லாது. அத இந்தக் கொழுப்புதான் சொல்லும்" என்றார். வாய்க்கால் பாசனத்து ஊர்க்காரியான எனக்கு அது உடனே விளங்கியது. வாய்க்காலில் தண்ணீர் மட்டம் சரியாக இருக்கிறது என்று கரையில் நின்று பார்த்துவிட்டுப் போகிறோம், மடைக்காரர் மூச்சுவிடாமல் மடையைத் திறந்துவிட்டுக்கொண்டிருப்பதையும் அந்தப் பக்கம் வடிகால் நிரம்பி வழிவதையும் யாரும் போய்ப் பார்ப்பதில்லை. எண்ணெயை அடியோடு நிறுத்திவிட்டு அந்தப் பசிக்குச் சோறும் வெல்லமும் தின்றால் இந்தக் கொழுப்பு இன்னும் ஏறத்தான் செய்யும் என்றும் சொன்னார். எல்லாருக்கும் காரணம் இது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம், பிறவியிலேயே இப்படி இருப்பவர்களும் உண்டு, அதற்காக நெய்யைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொள்ளவும் வேண்டாம் என்று எச்சரித்தும் அனுப்பினார். நான் சோற்றைப் பாதியாகக் குறைத்தேன், டீயில் சர்க்கரையை நிறுத்தினேன், கீரையும் பயறும் முட்டையும் அந்த இடத்துக்கு வந்தன, சாப்பிட்டதும் கொஞ்சம் நடந்தேன். அடுத்த பரிசோதனையில் கொழுப்பு இறங்கியிருந்தது. சந்தோஷம் வரவில்லை எனக்கு, கோபம்தான் வந்தது.

அந்தக் கோபத்தோடுதான் இந்தத் தவக்காலத்தில் ஊருக்குப் போனேன். பெரியம்மா எழுபதை நெருங்கிக்கொண்டு, அதே குச்சிக் கை காலோடு, அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அண்ணன் காபி குடிக்க வந்தான், இப்போது அவனும் மாத்திரைக்காரன். அண்ணி அலமாரியைத் திறந்து மூடினாள். டொக். நான் அங்கேயே உட்கார்ந்து, டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். தவக்காலத்தில் அவள் குடித்த கஞ்சியை, அவலை, ரஸ்க்கை, கடைசியாக உட்கார்ந்து தின்ற மிச்சச் சோற்றை, ஒவ்வொன்றாக எடுத்து அவர்கள் முன்னால் வைத்தேன். "ரத்தம் அன்னைக்குப் பொய் சொல்லலண்ணே. பெரியம்மாவும் சொல்லல. பாத்தவங்களுக்குத்தான் படிக்கத் தெரியல" என்றேன். அண்ணி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அண்ணன் காபி டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தான். ஒரு மன்னிப்பாவது கேட்பான் என்று பார்த்தால், அவன் பெரியம்மாவிடம் திரும்பி, "அப்ப தின்னேன்னு நீதானேம்மா சொன்ன?" என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசியிருப்பேனோ தெரியாது. பெரியம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சொல்லலன்னா நீ அன்னைக்கு எந்திரிச்சிருப்பியாடா?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தான். எழுந்து போய், டிராக்டர் சாமான் பெட்டியிலிருந்து இரும்பு அறுக்கிற பிளேடு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தான். அலமாரிக்கு முன்னால் நின்று பூட்டைக் கையில் பிடித்து, வளைவின் மேல் பிளேடை வைத்தான். இத்தனை வருஷம் அவன் கண்ணில் படாத பூட்டு.

"பூட்டு கெடக்கட்டும்டா" என்றாள் பெரியம்மா. "அது பாட்டுக்குத் தொங்கிக்கிட்டு இருக்கு. நீ வாயத் தொறந்து சொல்லு, நான் தின்னலன்னு."

பிளேடு நின்றது. அண்ணன் பூட்டைப் பார்த்தபடியே, "நீ தின்னலம்மா" என்றான்.

"அலமாரிகிட்ட எதுக்குடா சொல்ற? அதுக்கு அன்னைக்கே தெரியும். இங்க திரும்பிச் சொல்லு."

அண்ணன் பூட்டைக் கையிலிருந்து விடாமல் நின்றான். அவன் திரும்புவதற்கு வெகுநேரம் ஆயிற்று.